பரிவட்டத்துக்கு ஒரு கோள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு ஃபிளெக்ஸ் போர்டிலிருந்து. இலக்கியத்துக்கு இதைவிட மரியாதையான பிறப்பிடங்கள் உண்டு என்று எனக்கும் தெரியும். ஏதாவது ஆற்றங்கரை, ஏதாவது சாவு, குறைந்தபட்சம் ஒரு ரயில் பயணம். எனக்கு வாய்த்தது சிம்மக்கல்லில் பாதுஷாவின் அச்சுக்கடை.

மதுரையில் யார் வீட்டில் காதுகுத்து என்றாலும், யார் வீட்டில் எழவு என்றாலும் பாதுஷாவுக்கு முதலில் தெரிந்துவிடும். வெங்காயமும் கருவாடும் மொத்த விலைக்கு விற்கிற கடைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, மனிதர்களின் பெருமையைச் சதுர அடிக்கணக்கில் அச்சடித்துக் கொடுக்கிறார். நான் அங்கே போவது ஏசிக்காக. புத்தகம் எழுதுகிறவன் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து "அண்ணே, இதுல நச்சுன்னு ஒரு வரி போட்டுக் குடுங்க" என்பார். என் எழுத்துக்கு வாசகர்கள் என்று யாராவது இருந்தால், அது சிக்னலில் பச்சை விழுவதற்குக் காத்திருந்தவர்கள்தான்.

அன்று கம்ப்யூட்டர் திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணின் முகம் இருந்தது. தலையில் பரிவட்டம். கோயிலில் முதல் மரியாதையாகத் தலையைச் சுற்றிக் கட்டுவார்களே, அந்தத் துணி. போன வாரம் வேறோர் ஊர்த் தலைவருக்கு அடித்த போர்டிலிருந்து அதை வெட்டி இவள் நெற்றியில் ஒட்டியிருந்தார் பாதுஷா. பின்னால் நீல நிறத்தில் ஒரு கோள், அதற்கொரு வளையம். "பேரையூர் மண் கண்டெடுத்த இரண்டாம் பூமி! எங்கள் குலசாமி அருளால் சோணை-1!" கீழே வரிசையாக உறவினர்கள், பாதிப்பேர் காதில் போனோடு.

"வளையம் எதுக்கு பாதுஷா?"

"அவுக அப்பா கேட்டாருண்ணே. மோதரம் போட்ட கை மாதிரி நெறவா இருக்கணுமாம்."

அங்கேயே கதை முடிவாகிவிட்டது. சிரிப்பதற்கு ஒரு கதை என்றுதான் நினைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "நூற்றுச் சொச்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஒரு சின்னச் சிவந்த நட்சத்திரத்தைச் சுற்றி, யாருக்கும் தெரியாமல் ஒரு கோள் —"

அடித்துவிட்டேன். யாருக்கும் தெரியாமல் என்றால்? அது என்ன கடன்காரனுக்குப் பயந்தா ஒளிந்துகொண்டிருந்தது? தமிழில் வானத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் உடனே குரல் தழுதழுத்துவிடுகிறது. எழுதுகிறவனுக்கு மூக்குச் சிந்த ஒரு துண்டு கொடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: "சிறுமி ரோகிணி மொட்டைமாடியில் படுத்து நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குத் தெரியாது, ஒருநாள் —"

இதை அந்த போர்டில் இருந்த பெண்ணுக்கே அனுப்பினேன். (எண்ணை பாதுஷா கொடுத்தார். போர்டின் மூலையில் அச்சிடுவதற்காக அவளுடைய அப்பா கொடுத்திருந்தார்.) குரல் செய்தியாகப் பதில் வந்தது.

"அண்ணே, எங்க வீடு ஓட்டு வீடு. மொட்டமாடியே கெடையாது. நட்சத்திரத்தையெல்லாம் எண்ணுனதும் இல்ல. கணக்கு வந்துச்சு, சீட்டு கெடச்சுச்சு, போனேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு தொலைநோக்கிலயும் கண்ண வச்சுப் பாத்ததில்ல. எனக்கு வாரது பூராம் எண்ணுதான்."

ஆகவே மூன்றாவது தொடக்கம், கல்யாணத் தரகரின் தாளில் இருப்பதுபோல: ரோகிணி, வயது முப்பத்து மூன்று. பேரையூர்ப் பக்கத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற முத்துப்பாண்டியின் மகள். பெங்களூரில் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை. அவளும் அவளுடைய குழுவும், மிகச் சிறிய ஒரு நட்சத்திரத்தைச் சுற்றுகிற சிறிய கோள் ஒன்றைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள்.

இதில் அழகு எதுவும் இல்லை. அதனால் இது நிற்கட்டும்.

3

இனி கொஞ்சம் அறிவியல். வேண்டாதவர்கள் காப்பி குடித்துவிட்டு வரலாம். தொலைக்காட்சியில் இதே செய்தியை "வேற்றுக்கிரகவாசிகள் அதிர்ச்சி" என்று பார்த்தவர்கள் காப்பி குடித்தே ஆகவேண்டும்.

வானத்தில் இருக்கும் நட்சத்திரங்களில் பெரும்பாலானவை சூரியனைவிடச் சின்னவை, மங்கலானவை. சிவப்புக் குள்ள நட்சத்திரங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரியாது. அப்படிப்பட்ட ஒன்றின் முன்னால் ஒரு கோள் குறுக்கே போனால் வெளிச்சம் துளி குறையும். நட்சத்திரம் சின்னது என்பதால், சின்னக் கோள் போனாலும் அந்தக் குறைவைப் பிடித்துவிடலாம். பெரிய நட்சத்திரத்தின் முன்னால் போனால் அது கல்யாண மண்டபத்துக்குள் கொசு நுழைந்த மாதிரி, யாரும் கவனிக்கமாட்டார்கள். வெளிச்சம் எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துக் கோளின் அகலத்தைச் சொல்கிறார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை குறைகிறது என்பதை வைத்து அதன் வருஷத்தைச் சொல்கிறார்கள்.* எடை போடுவது தனி வேலை. அதை இந்தக் கோளுக்கு இன்னும் யாரும் செய்யவில்லை.

ரோகிணியின் குழு எழுதிய கட்டுரையில் இருந்தது இதுதான்: அகலம் பூமியைவிடச் சற்றே கூடுதல், ஆகவே பாறையாக இருக்கலாம், மேற்பரப்பில் தண்ணீருக்கு வாய்ப்பு உண்டா என்பதைப் பிறகு ஆராயலாம். இரண்டு 'லாம்'. நாளிதழ் முதல் 'லாமை' எடுத்தது. தொலைக்காட்சி இரண்டாவதை எடுத்தது. திருமங்கலத்தைத் தாண்டிப் பேரையூர் ரோட்டில் திரும்பும்போது அது இரண்டாம் பூமி ஆகிவிட்டது. ஊருக்குள் போனதும் குலசாமி சோணையின் பெயரை வைத்துவிட்டார்கள்.

* அங்கே வருஷத்துக்கு ஒன்பது நாள் என்று முத்துப்பாண்டியிடம் சொன்னேன். வருஷத்துக்கு ஒருமுறை மாசித் திருவிழாவில் குலசாமிக்குக் கெடா வெட்டுகிற மனிதர், உண்மையிலேயே கவலைப்பட்டார். "அப்ப ஒம்போது நாளைக்கு ஒருக்க மாசிப்பச்சை வரும்ல? அம்புட்டுக் கெடாய்க்கு எங்கிட்டுப் போறது?"

4

(இந்தப் பகுதியில் ரோகிணியோடு வேலை பார்க்கிற ராம்கி வந்தான். இருவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதல் வருவதுபோல் இருந்தது. "ராம்கி சாருக்குக் காலேஜ் படிக்கிற மக இருக்குண்ணே" என்று அவள் சொன்னதும் எடுத்துவிட்டேன். எதிர்பார்த்த வாசகர்கள் வெட்கப்படவும்.)

5

இப்போது கோயில்.

ரோகிணியின் குலசாமி கோயிலில் பங்காளிகள் இரண்டு வீடு. மேலவீடு, கீழவீடு. பரிவட்டம் முதலில் யாருக்கு என்பதில் இரண்டு தலைமுறையாகச் சண்டை. மண்டை உடைந்திருக்கிறது, கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. கடைசியில் தாசில்தார் ஆபீஸில் சமாதானக் கூட்டம் போட்டு, இனிமேல் எந்த மனிதத் தலைக்கும் கட்டுவதில்லை, சாமியின் அரிவாளுக்கே கட்டுவது என்று கையெழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து மாசிப்பச்சை தோறும் மரியாதை இரும்புக்குத்தான். இரும்பு இதுவரை யாரையும் மதிக்காமல் நடந்துகொண்டதாகத் தகவல் இல்லை.

கீழவீட்டு முத்துப்பாண்டி, மகளின் பெயர் நாளிதழில் வந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேலவீட்டுப் பெரியவர் விருமாண்டியிடம் போனார். "இந்த வருசம் எம் மகளுக்குக் கட்டணும்" என்றார். விருமாண்டி உடனே சரி என்றுவிட்டார்.

உடனே. இதுதான் கதாசிரியனுக்கு வயிற்றெரிச்சல். ஒரு தடங்கல் வேண்டாமா? ஏன் ஒப்புக்கொண்டார் என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். 'கல்வியின் ஒளி அந்த முரட்டு நெஞ்சையும் —' அடித்தாகிவிட்டது. 'வயதாக ஆக மனிதர்கள் —' அடித்தாகிவிட்டது. மூன்றாவது இன்னும் கேவலம். அதில் அவர் அழுதார்.

அந்தக் கோயிலில் பெண்கள், சாமிக்கு முன்னால் மணி தொங்குகிற மணிக்கம்பத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ரோகிணியின் அம்மா அழகம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கே பொங்கல் வைக்கிறார். சாமியை நேருக்கு நேர் நின்று பார்த்ததில்லை. ஆகவே ரோகிணி என்னவாக நினைப்பாள் என்று நானே தீர்மானித்து எழுதினேன்: 'விஞ்ஞானியான அவளுக்கு இந்தச் சடங்குகள் சிரிப்பாக இருந்தன.' அனுப்பினேன். அடுத்த நிமிஷமே போன் வந்தது.

"யாருக்குச் சிரிப்பா இருந்துச்சு? எனக்கு வேணும்ணே."

"எது?"

"பரிவட்டம். அறிவியல் படிச்ச ஆளு, இதெல்லாம் வேணாம்னு தள்ளுவான்னு எழுதிறாதீங்க. எங்கம்மா மணிக்கு அங்கிட்டே நின்னுச்சு. நான் இங்கிட்டு நிக்கணும். எவன் வீட்டுப் பேரையும் சொல்லி வாங்கல, வேல பாத்து வாங்குனது. எட்டு வருசம் பாத்துருக்கேன்."

இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை என்று விமர்சகர்கள் சொல்வார்கள். ஒன்று பகுத்தறிவு, இல்லாவிட்டால் பக்தி. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்காத பெண்ணை அவர்களுக்குப் புரியாது. எனக்கும் முதலில் புரியவில்லை. ஆனால் நான் விமர்சகன் இல்லை, ஆகவே வாயை மூடிக்கொண்டு எழுதினேன்.

6

திருவிழாவுக்கு முதல் நாள், நல்ல மத்தியானம், ரோகிணி சிம்மக்கல் கடைக்கு வந்தாள். போர்டு அச்சாகிக் காய்ந்துகொண்டிருந்தது. நெடுநெடுவென்ற உயரம், தோளில் லேப்டாப் பை. தன் முகத்தையே பத்தடி அகலத்தில் பார்த்தவள் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"பாய், இத மாத்தணும்."

"போட்டோவா தங்கச்சி? கொஞ்சம் செவப்பாக்கித்தான் விட்ருக்கேன்."

"எழுத்த. ரெண்டாம் பூமிங்கிறத எடுத்துருங்க. அது பூமி இல்ல."

முந்தின நாள்தான் இன்னும் பெரிய தொலைநோக்கியில் எடுத்த படம் வந்திருக்கிறது. ஒன்று என்று நினைத்த நட்சத்திரம், ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டு நட்சத்திரங்களாம்.

"அதுனால என்னா?" என்றார் பாதுஷா.

அவள் கடையின் கூரையில் பக்கத்துப் பக்கத்தில் எரிந்த இரண்டு ட்யூப்லைட்டுகளைக் காட்டினாள். "அதுல ஒரு லைட்ட மட்டும் நான் மறைச்சேன்னு வைங்க. கட முழுசா இருட்டாகுமா? இன்னொன்னு எரியுதுல்ல. தெருவுல நின்னு பாக்குறவன், உள்ள ஒத்த லைட்டுதான்னு நெனச்சா என்ன சொல்லுவான்? வெளிச்சம் கொஞ்சம்தான் கொறஞ்சுச்சு, அப்ப மறைச்ச கை சின்னக் கைன்னு சொல்லுவான். நாங்களும் அப்பிடித்தான் பாய் சொல்லிட்டோம். கோளு சுத்துறது அந்த ரெண்டுல மங்கலான நட்சத்திரத்த. இப்பக் கணக்குப் போட்டா மூணு பூமி அகலம் வருது."

பாதுஷாவின் முகம் மலர்ந்தது. "பெருசாத்தான போச்சு? அப்பறம் என்னா! ஊருக்கு டபுள் சந்தோசம்ல?"

"அம்புட்டுப் பெருசுன்னா பாறையா இருக்காது பாய். பெரும்பாலும் வாயுதான். கால வைக்க எடம் இருக்காது."

"சரி, இது யாருக்குத் தெரியும்?" என்று கேட்டது நான். கதை எழுதுகிறவனுக்கு இப்படித்தான் புத்தி போகும்.

"எங்க குழுவுக்கு மட்டும். திருத்தம் அடுத்த மாசம் வரும். ஊருல சொல்றதுன்னா சொல்லிக்கன்னு ராம்கி சார் சொல்லிட்டாரு. சொல்லாட்டியும் ஒன்னுமில்ல."

கவனியுங்கள். நாளைக்குக் காலை வரை பேசாமல் இருந்தால் போதும். பரிவட்டம் கட்டிவிடுவார்கள். அடுத்த மாதம் திருத்தம் வரும் இதழைப் பேரையூர் வட்டாரத்தில் ஒரு ஆத்மாவும் படிக்காது. மதுரையில்கூடப் படிக்க ஆள் இல்லை. பொய் சொல்ல வேண்டியதில்லை, உண்மையைக் கொஞ்சம் தாமதமாகச் சொன்னால் போதும். எனக்கு இது பெரிய வசதியாகப் பட்டது.

"பேசாமக் கட்டிக்கிட்டுப் போயிரும்மா" என்றேன்.

ரோகிணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏண்ணே, ஒங்க கதையில வாரவுகளுக்கெல்லாம் இப்பிடித்தான் யோசன சொல்லிக் குடுப்பீங்களா?"

7

அப்பாவுக்கு அங்கிருந்தே போன் போட்டாள். பாதுஷா ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். மரியாதை தெரிந்தவர்கள் எழுந்து வெளியே போயிருப்பார்கள். நாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டோம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முத்துப்பாண்டி சொன்னார்: "ஏன் தாயி, அந்த ரெண்டாவது நட்சத்திரம் போன மாசம் இல்லையா?"

"இருந்துச்சுப்பா. நாங்க பாக்கல."

"பாக்காதப்ப எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு. இன்னும் ஒரு நாளைக்குப் பாக்காம இருந்தா என்னா?"

"பாத்தாச்சுல்லப்பா."

"ஒங்கம்மா புதுச் சேல எடுத்து வச்சுருக்கா. ரெண்டு நாளா அதையே எடுத்து எடுத்துப் பாத்துட்டு மடிச்சு வைக்கிறா."

வெளியே டவுன்பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது.

"எனக்கும் வேணும்தாம்ப்பா. ஆனா இல்லாததச் சொல்லி வாங்கிட்டு நான் அங்க நிக்க மாட்டேன். நாளைக்குக் காலையில கட்டுறதுக்கு முன்னாடி நானே சொல்லிறேன். தெரிஞ்சும் கட்டுனா கட்டட்டும். இல்லாட்டி அம்மா பக்கத்துல போய் நின்னுக்கிறேன்."

முத்துப்பாண்டி போனை வைத்துவிட்டார். முந்தைய வடிவத்தில் அவரை நான் வில்லனாக எழுதியிருந்தேன், மீசையைக்கூட முறுக்கவிட்டிருந்தேன். அதை எடுத்துவிட்டேன். அந்த மனிதர் மகளுக்கு ஒரு துணி கட்டிப் பார்க்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான். அதற்காக ஒரு நட்சத்திரத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது பெரிய குற்றமா என்று எனக்குத் தெரியவில்லை.

பாதுஷா இரண்டாம் பூமியையும் வளையத்தையும் எடுத்துவிட்டு, முகம் சுளித்தபடி வேறு போர்டு அடித்துக் கொடுத்தார். அதில் அவளுடைய பெயரும் நாற்பது உறவினர்களும் மட்டும் இருந்தார்கள்.

8

இந்த இடத்தில் முடிவுகள். நாகரிகமான கதைகளில் ஒன்றுக்கு மேல் கொடுப்பது வழக்கம்.

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள். பரிவட்டம் மறுக்கப்படுகிறது. தலை நிமிர்ந்து நடந்து போகிறாள், பின்னால் சூரியன் உதிக்கிறது. பள்ளிப் பாடநூலில் வைக்கலாம். கேள்வியும் கேட்கலாம்: ரோகிணியின் நற்பண்புகள் யாவை?

முடிவு இரண்டு: கடைசி நேரத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிடுகிறாள். கனமான முடிவு. சிறுபத்திரிகைகள் போடும். மனித மனத்தின் இருள் என்று யாராவது ஒருவர் எழுதுவார், பத்துப் பேர் அவரோடு சண்டை போடுவார்கள்.

முடிவு மூன்று: உண்மையைச் சொல்கிறாள், விருமாண்டி மெய்சிலிர்த்து, "கோளு எம்புட்டுன்னா என்னத்தா, நீதான் பெருசு!" என்று கட்டிவிடுகிறார். கூட்டம் கைதட்டுகிறது. உங்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று தெரியும். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், இது நடக்கவில்லை.

இவை மூன்றையும் ரோகிணிக்கு அனுப்பினேன். அடுத்து வரும் பகுதியை மட்டும் இன்னும் அனுப்பவில்லை.

9

நானும் போயிருந்தேன். மாசி வெயில் பதினோரு மணிக்கே மண்டையைப் பிளந்தது. மணிக்கம்பத்துக்கு உள்ளே ஆண்கள், வெளியே பொங்கல் பானைகளோடு பெண்கள், நடுவில் கொட்டு. காளை என்கிற பூசாரி, தட்டில் மடித்த வெள்ளைத் துணியோடு நின்றான். ரோகிணியைக் கம்பத்துக்கு உள்ளே கூட்டி வந்தார்கள். அந்தக் கோயில் மண்ணில் அந்த இடத்தில் ஒரு பெண் நிற்பது அதுதான் முதல் தடவை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்பதை இவ்வளவு ஏளனம் பேசிய வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

"பெரியப்பா, ஒரு வார்த்தை" என்றாள். விருமாண்டி கையைக் காட்ட, உள்ளே இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கொட்டு மட்டும் நிற்கவில்லை. "நாங்க சொன்னது தப்பாப் போச்சு. அது பூமி மாதிரி இல்ல. அளவத் தப்பாப் போட்டுட்டோம். அதுல மனுசர் யாரும் போய் நிக்கக்கூட முடியாது. இது தெரிஞ்சும் கட்டுறதா இருந்தா கட்டுங்க. இல்லாட்டி நான் அங்கிட்டுப் போயிர்றேன்."

ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. முத்துப்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருமாண்டி சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை. பிள்ளைகள் விவரம் தெரியாமல் பேசினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அது.

"அடி ஆத்தா, அது பூமியா இருந்தா என்ன, பூசணிக்காயா இருந்தா எங்களுக்கென்ன? கீழவீட்டு ஆம்பளைக்குக் கட்டுனா நாங்க கோர்ட்டுக்குப் போவோம். எங்க ஆம்பளைக்குக் கட்டுனா அவுங்ய போவாங்ய. நீ பொம்பளப்புள்ள, நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவ. ஒனக்குக் கட்டுனா ரெண்டு வீட்டுக் கணக்குலயும் வராது. ஒங்கப்பன்ட்டயும் அதச் சொல்லித்தான் ஒத்துக்கிட்டேன். காளை, கட்டுப்பா, நேரமாகுது."

ரோகிணி அப்பாவைப் பார்த்தாள். "கட்டிக்க தாயி" என்றார் அவர், தரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கணக்கில் வராதவள் பற்றியும், கணக்கில் விட்டுப்போன நட்சத்திரம் பற்றியும் எனக்கு ஒரு வாக்கியம் வந்தது. நல்ல வாக்கியம். பின்னட்டையில் போடலாம். அந்த நேரம் அவள் முகம் இருந்த இருப்புக்கு அதை எழுதினால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டேன்.

கொட்டுச் சத்தத்தில் வெளியே யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அழகம்மாள் புதுச்சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எக்கி எக்கி உள்ளே பார்க்கிறார். துணி தட்டை விட்டு எழும்பியதும் முதல் குலவை அவருடையது. பிறகு அத்தனை பெண்களும். அந்தக் குலவையில் பொய் இல்லை. அவர்கள் கணக்கில் அவள் இருக்கிறாள்.

காளை குட்டையான ஆள். துணியை விரித்துக் கையைத் தூக்கிவிட்டான். ரோகிணி கொஞ்சம் குனிந்தால்தான் எட்டும். குனிந்தால் விருமாண்டி சொன்னது சரி என்றாகிவிடும். குனியாவிட்டால், குலவை போடுகிறவர்களில் ஒருத்திக்கும் ஏன் என்று தெரியப்போவதில்லை. கையில் வந்ததைத் தட்டிவிட்டாள் என்பார்கள், அவளுடைய அம்மா உட்பட.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். நான் சொன்னால், அவள் செய்தது சரியா தப்பா என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு மதிப்பெண் போடுவீர்கள். அது வேண்டாம். அங்கே வெயிலில் போய் நில்லுங்கள், அவள் இடத்தில், இந்தக் குலவையைக் கேட்டுக்கொண்டு. பிறகு சொல்லுங்கள், குனியலாமா வேண்டாமா. சீக்கிரம் சொல்லுங்கள். காளைக்குக் கை வலிக்கிறது.